மான் தீவு அரசன் ராக்ன்வால்டு: ஒரு பாட்டு தேவை

பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் நடுவில் உள்ள மான் தீவை (Isle of Man) 1187 முதல் 1226 வரை ஆண்ட ராக்ன்வால்டு பற்றி எழுதும் கட்டுரை பாதியில் நிற்கிறது. தந்தை வாரிசாகச் சொன்னது தம்பி ஓலாஃபை. அவன் சிறுவன் என்பதால் தீவினர் அண்ணனை அரியணை ஏற்றினார்கள். கடைசியில் அந்தத் தம்பியோடு மோதித்தான் 1229 பிப்ரவரி 14 அன்று அத்தீவின் பேரவை கூடும் இடமான டின்வால்டில் செத்தான்.

மான் தீவிலிருந்த ரஷன் கிறிஸ்தவ மடத்தின் லத்தீன் வரலாற்றைப் படித்துவிட்டேன், அது ஓலாஃப் கட்சி. ஸ்காட்லாந்துக்கு வடக்கே உள்ள ஆர்க்னி தீவுகளின் சாகாவில் (பழைய நார்ஸ் மொழி உரைநடைக் கதை) சில வரிகளே: மூன்று ஆண்டுகள் புகை படிந்த கூரைக்கடியில் தங்காமல் கப்பலிலேயே கிடந்தவனாம் (நல்ல வரி!). 1219-இல் தீவைப் போப்பாண்டவரிடம் ஒப்படைத்த விவரமும் கைவசம் இருக்கிறது.

அவனைப் புகழ்ந்து ஐரிஷ் மொழியில் மெய்க்கீர்த்தி மாதிரி ஒரு பாட்டு உண்டு. நூலகத்திலும் இணையத்திலும் தேடியதில் துண்டு துண்டாகத்தான் சிக்கியது. அதன் முழு ஆங்கில மொழிபெயர்ப்பு எங்கே கிடைக்கும்?