மறு: எஸ்கேப் ஸ்லைடுக்குத் தமிழில் என்ன?

குழு நண்பர்களுக்கு வணக்கம். ஆபத்து நேரத்தில் பயணிகள் விமானக் கதவிலிருந்து சறுக்கி இறங்கித் தப்புவதற்கான ‘எஸ்கேப் ஸ்லைடு’க்குத் தமிழ்ச்சொல் தேடிக்கொண்டிருக்கிறோம்.

> ‘தப்புச்சறுக்கு’ என்று வைக்கலாமே.

வேண்டாம் ஐயா. தப்பான சறுக்கு என்றுதான் முதலில் காதில் விழும். ஒற்றை எடுத்துவிட்டு ‘தப்புசறுக்கு’ என்று வினைத்தொகையாக்கலாம்தான். ஆனால் அலறலுக்கு நடுவே ஒற்று இருந்ததா இல்லையா என்று யார் கவனிப்பார்கள்?

> அப்படியானால் ‘மீட்புச் சறுக்கு’?

மீட்பு என்றால் வெளியிலிருந்து யாரோ வந்து காப்பாற்றுவது. இங்கே நடப்பது வேறு. 2024 ஜனவரி 2 அன்று டோக்கியோவின் ஹனேடாவில் தரையிறங்கிய ஜப்பான் ஏர்லைன்ஸின் ஏ350 பயணிகள் விமானம், ஓடுபாதையில் நின்ற கடலோரக் காவல்படை விமானத்தில் மோதித் தீப்பிடித்தது. காவல்படை விமானத்தில் ஐந்து பேர் இறந்தார்கள். ஏ350இல் இருந்த 379 பேரும் தாங்களாகவே சறுக்கி இறங்கித் தப்பினார்கள். எட்டுக் கதவுகளில் மூன்றுதான் உதவின. அறிவிப்புக் கருவியும் வேலை செய்யவில்லை. பணியாளர்கள் மெகாஃபோனிலும் வெறுந்தொண்டையிலும் கத்தித்தான் வழிகாட்டினார்கள்.

ஆக, கத்திச் சொல்லக்கூடிய சொல்லாக இருக்க வேண்டும். போன மடலில் வந்த ‘அவசரகால வெளியேற்றச் சறுக்குத்தளம்’ சொல்லி முடிப்பதற்குள் நாலு பேர் கீழே போய்விடுவார்கள். மிகையில்லை. பாதிக் கதவுகள் வழியாகவே 90 நொடிக்குள் விமானம் காலியாக வேண்டும் என்பது விதி. 2006இல் ஹாம்பர்கில் நடந்த ஏ380 விமானச் சோதனையில் 873 பேர் 78 நொடியில் இறங்கினார்கள்.

சரி, என் பரிந்துரை: ஊதுசறுக்கு.

சறுக்குமரம் எல்லாருக்கும் தெரியும். ஆனால் இது மரமும் இல்லை, தகரமும் இல்லை. கதவடியில் மடித்து வைத்த பை. உருளையிலிருந்து சீறும் வாயு, வெளிக்காற்றையும் சேர்த்து இழுத்துக்கொண்டு சில நொடியில் அதை உப்பவைக்கிறது. (‘உப்புசறுக்கு’ என்று யாரும் தொடங்கிவிட வேண்டாம்.) ஊதியது என்பது பெயரிலேயே இருந்தால், குதிகால் செருப்பைக் கழற்று, பெட்டியை விட்டுவிட்டு வா என்று ஏன் சொல்கிறார்கள் என்பதும் விளங்கும். கிழிந்தால் போச்சு.

நீரில் மிதக்கும் வகையும் உண்டு. 2009இல் அமெரிக்காவின் ஹட்சன் ஆற்றில் இறங்கிய விமானத்தின் முன்கதவுகளில் பயணிகள் உட்கார்ந்திருந்தது அதில்தான். அதற்குச் ‘சறுக்குமிதவை’ போதும்.

> ஊதுசறுக்கு என்றால் பிறந்தநாள் விழாவில் பிள்ளைகள் குதிக்கும் பலூன் சறுக்கு அல்லவா நினைவுக்கு வருகிறது?

வரட்டுமே! பொருள் கிட்டத்தட்ட அதுதானே. அதில் விளையாடிய பிள்ளை இதிலும் தயங்காமல் குதிக்கும்.

அப்புறம், கதவை ‘ஆர்ம்’ செய்வது பாக்கி இருக்கிறது. புறப்படும் முன் சறுக்கின் அடிக்கம்பியைத் தரையோடு பிணைத்துவிடுவார்கள். அதன்பின் கதவைத் திறந்தாலே அது வெளியே பாயும். ‘ஆயுதம் தரித்த கதவு’ என்று எழுதினால் சிரிப்பார்கள். வில்லில் இருந்து எடுத்துக்கொள்ளலாமா? நாணேற்றிய கதவு, நாணிறக்கிய கதவு. பழைய வாடை அடிக்கிறது என்பவர்கள் வேறு சொல் தரட்டும்.