கயிறு பிடிக்காதவனுக்கும் மீன்

(வாட்ஸ்அப் குழு: கல்லடிக் குடும்பம்)

நான்: எல்லாருக்கும் வணக்கம். பாலர் பாடசாலைப் பிள்ளைகளுக்கு ஒரு படக்கதைப் புத்தகம் செய்வோம் என்று மச்சாளும் நானும் இறங்கியிருக்கிறோம். பகிர்ந்து கொடுப்பது பற்றி. கதைதான் இன்னும் அகப்படவில்லை. தோன்றுகிறதைப் போடுங்கள்.

சின்னம்மா: அணில் மாம்பழத்தில் பாதியைக் கிளிக்குக் கொடுத்த மாதிரி எழுது புள்ள.

மச்சாள்: சின்னம்மா, கடையில் இருக்கிற புத்தகம் எல்லாவற்றிலும் அந்த அணில்தான் 😄

திருக்கோவில் மச்சான்: யானையைப் போடுங்கள். எங்கள் வயலில் அறுவடைக்கு முதலே தன் பங்கை எடுத்துக்கொண்டு போய்விடுகிறது.

தம்பி: அது பங்கு இல்லை மச்சான், கப்பம்.

நான்: சிரிப்பு இருக்கட்டும். என் சிக்கலைக் கேளுங்கள். மூன்று வயதுப் பிள்ளையிடம் "குடு" என்றால் இன்னும் இறுக்கிப் பிடிக்கும். எங்கள் பாலர் பாடசாலையில் மூன்று சில்லுச் சைக்கிள் ஒன்றுதான் இருக்கிறது. முந்தநாள் ஒருவன் அதில் ஏறி இருந்துகொண்டு "என்ர, என்ர" என்று ஒரே கத்தல். ஓட்டவும் இல்லை, இறங்கவும் இல்லை. மற்றவன் பின்சில்லைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். "நீ மாமரத்தைச் சுற்றி வா, பிறகு அவன்" என்றதும் தானாக மிதித்தான். முறை வைத்தால் அந்த வயதுக்கு விளங்கும். "நல்ல பிள்ளை என்றால் கொடு" என்பது விளங்காது. கொடுக்காத பிள்ளையைக் கெட்ட பிள்ளையாகக் காட்டும் கதை எனக்கு வேண்டாம்.

பெரிய மாமா: எனக்கு இதில் எழுத வராது, மகன் எழுதித் தருகிறான். புள்ள, நீ கரைவலை பார்த்ததில்லையா? தோணி போய் வலையை வளைத்துப் போட்டுவிட்டு வரும். கயிற்றின் இரண்டு தலைப்பும் கரையில். இரண்டு பக்கமும் ஆள் நின்று சமமாக இழுக்க வேண்டும். ஒரு பக்கம் முந்தினால் மடி, அதுதான் வலையின் நடுவில் மீன் சேருகிற பை, கோணிவிடும், மீன் தப்பிவிடும். பிறகு விற்ற காசில் செலவைக் கழித்து, வலைக்காரருக்கும் இழுத்தவர்களுக்கும் பங்கு.

நான்: சின்னப் பிள்ளைகளும் வந்து பிடிக்கிறார்களே மாமா?

பெரிய மாமா: எங்கே பிடிக்கிறது, தொங்குகிறது. இருந்தாலும் வெறுங்கையோடு அனுப்புவதில்லை. ஒரு கை சூடை மீனோ கீரி மீனோ போடுவோம். சட்டையில் ஏந்திக்கொண்டு ஓடும். வீட்டில் தாய் ஏசுவாள்.

மச்சாள்: அதுதான் படம்!!! சட்டை நிறைய மீன், வாலெல்லாம் வெளியே.

தம்பி: இதில் பகிர்வது எங்கே இருக்கிறது? வேலை செய்தான், மீன் கிடைத்தது. கூலி.

நான்: நியாயமான கேள்வி. மாமா, கயிறு பிடிக்காமல் சும்மா நின்ற பிள்ளைக்கு?

பெரிய மாமா: அதுக்கும் போடத்தான் வேண்டும். பார்த்துக்கொண்டு நிற்கும்போது எப்படி விடுவது? ஒருநாள் ஒரு பொடியன் முகத்துக்கு நேரே கேட்டான், "அவன் இழுக்கவே இல்லையே" என்று.

மச்சாள்: என்ன சொன்னீர்கள்?

பெரிய மாமா: ஒன்றும் சொல்லவில்லை. மீனைக் கொடுத்து அவனையே கூறு போடச் சொன்னேன். இரண்டு கூறு போட்டான். பெரியதெல்லாம் தன் பக்கம். பிறகு அங்கேயும் இங்கேயும் பார்த்துவிட்டு ஒரு மீனை மற்றப் பக்கம் தள்ளி வைத்தான். ஒன்றே ஒன்று.

நான்: போதும் மாமா. கதை கிடைத்துவிட்டது. அந்த ஒரு மீனோடு முடிக்கிறோம்.

சின்னம்மா: சரிபாதி என்று முடித்தால் என்ன? பிள்ளைகள் நல்லதைப் படிக்க வேண்டாமா?

நான்: சரிபாதி என்றால் பிள்ளைகளே நம்ப மாட்டார்கள் சின்னம்மா. பெரியதைத் தனக்கு வைக்காத நாலு வயது எங்கே இருக்கிறது? எழுத்தில் ஒரு வார்த்தையும் சொல்லப் போவதில்லை. ஒரு பக்கத்தில் எண்ணினால் 7 மீனும் 3 மீனும். அடுத்த பக்கத்தில் 6, 4. யார் கண்டுபிடிக்கிறார்களோ பிடிக்கட்டும்.

திருக்கோவில் மச்சான்: கணக்கும் படித்த மாதிரி ஆகும் 👍

தம்பி: 32 பக்கம் வையுங்கள் அக்கா. அச்சுத்தாளை மடித்தால் 16 பக்கம் வரும், இரண்டு தாளில் முடிந்துவிடும். தலைப்பு, பதிப்பு விவரம் போக 14 விரிபக்கம் (விரித்தால் எதிரெதிரே தெரிகிற இரண்டு பக்கமும் சேர்ந்து ஒன்று) கையில் இருக்கும். புத்தகத்துக்குரிய ஐஎஸ்பிஎன் எண்ணைக் கொழும்பில் தேசிய நூலகத்தில் எடுக்க வேண்டும், அதை நான் பார்க்கிறேன்.

மச்சாள்: இரண்டு கயிற்றையும் விரிபக்கத்தின் இரண்டு ஓரத்திலும் வரையப் போகிறேன். புரட்டப் புரட்ட மடி கரைக்குக் கிட்ட வரும். கூறு போடுகிற இடத்தில் மட்டும் கடல் இல்லை, ஆள் இல்லை. மணலும் மீனும் ஒரு சின்னக் கையும்.

தம்பி: நடு மடிப்பில் முகமோ மீனோ வராமல் பாருங்கள். தையலுக்குள் போய்விடும், பிறகு எண்ணிக்கை பிழைக்கும்.

மச்சாள்: ஓம், நல்ல வேளை சொன்னாய். மாமா, ஈர மடி என்ன நிறமாக இருக்கும்? படத்தில் பார்த்து வரைந்தால் சரிவராது.

பெரிய மாமா: வந்து பார். இப்போது கச்சான் காற்று, கடல் சொன்னபடி கேட்கும். வாடைக் காற்று தொடங்கினால் வலை போட முடியாது. சனிக்கிழமை விடிய வெள்ளாப்பில் வா. வருகிறவர்கள் சும்மா நிற்கக் கூடாது, கயிறு பிடிக்க வேண்டும்.

சின்னம்மா: எனக்கு முழங்கால் நோ, நான் நின்று பார்ப்பேன். கறிக்கு எனக்கும் எடுத்து வையுங்கள்.