சரிவுச் சாலையில் லாங்போர்டு பந்தயம்: வரவு செலவுத் திட்டம் எங்கே இடிக்கிறது?

கணக்கர், சியாட்டில் (வினா):

அனைவருக்கும் வணக்கம். என் மகளும் அவளுடன் லாங்போர்டு (நீளமான ஸ்கேட்போர்டு) ஓட்டும் நண்பர்களும் அடுத்த கோடையில் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு மலைச்சாலையை இரண்டு நாட்களுக்கு மூடி, டவுன்ஹில் பந்தயம், அதாவது பலகையில் நின்றபடி சரிவில் வேகமாக இறங்கும் போட்டி, நடத்த விரும்புகிறார்கள். கணக்கு வழக்குகளைப் பார்க்கும் பொறுப்பை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். பார்வையாளனாக நின்று கைதட்டியதைத் தவிர எனக்கு இந்த விளையாட்டுடன் வேறு தொடர்பில்லை.

அவர்கள் தயாரித்துள்ள திட்டப்படி, வரவில் பாதி பலகை, சக்கரம் செய்யும் நிறுவனங்களின் ஆதரவுத்தொகை. கால் பங்கு பார்வையாளர் கட்டணம். மீதிதான் போட்டியாளர் கட்டணம். செலவில் முதல் இடத்தில் நிற்பது பரிசுத்தொகை. கொலம்பியா ஆற்றின் மேலுள்ள மேரிஹில் சாலையில் உலகின் முன்னணி வீரர்கள் திரண்ட விழாவே இப்போது முன்போல் ஆண்டுதோறும் நடப்பதில்லை என்னும்போது, புதியவர்கள் போட்ட இந்தக் கணக்கு எப்படித் தேறும் என்று எனக்கு ஐயமாக இருக்கிறது. அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

மஞ்சள்கொடி (பதில்):

வணக்கம் ஐயா. வளைவுகளில் கொடியுடன் நிற்கும் தன்னார்வலனாகப் பல நிகழ்ச்சிகளில் பணியாற்றியவன் என்ற முறையில் சொல்கிறேன்: இந்த விளையாட்டில் கிடைப்பதற்கு மிக அரிய பொருள், மூடப்பட்ட சாலையின் நேரம். மற்ற செலவுகள் எல்லாம் அதைச் சுற்றியே அமைகின்றன.

மேரிஹில்லையே எடுத்துக்கொள்ளுங்கள். சாம் ஹில் என்ற செல்வந்தர், பொறியாளர் சாமுவேல் லங்காஸ்டரின் துணையுடன், 1909-ஆம் ஆண்டு முதல் தம் சொந்தப் பணத்தில் போட்ட சோதனைச் சாலை அது. இன்று மேரிஹில் கலை அருங்காட்சியகத்துக்குச் சொந்தமானது. சாதாரண நாட்களில் நடப்பவர்களுக்கும் மிதிவண்டிக்காரர்களுக்கும் மட்டுமே திறந்திருக்கும். தனிப்பட்ட நிகழ்ச்சிகளுக்கு வாடகைக்கும் விடுகிறார்கள். பொதுச் சாலையாக இருந்தால் மாவட்ட நிர்வாகம், காவல் துறை, தீயணைப்பு நிலையம், சாலையோரம் குடியிருப்பவர்கள் என்று ஒவ்வொருவரிடமும் தனித்தனியே இசைவு பெற வேண்டும். அதற்கு மேல், குடியிருப்பவர்கள் வந்து போவதற்காகக் குறித்த நேரங்களில் பந்தயத்தை நிறுத்திச் சாலையைத் திறந்துவிட வேண்டியிருக்கும். உரிமையாளர் ஒருவரே என்னும் சாலை கிடைப்பது பெரும் பேறு. உங்கள் பிள்ளைகள் எந்தச் சாலையை மனத்தில் வைத்திருக்கிறார்கள் என்பதை முதலில் கேளுங்கள்.

அடுத்தது, அந்த நேரத்துக்குள் எத்தனை ஓட்டங்கள் அடங்கும் என்ற கணக்கு. பெரும்பாலான மலைகளில் கீழே வருவதற்கும் மேலே போவதற்கும் ஒரே சாலைதான். வீரர்கள் இறங்கிக்கொண்டிருக்கும்போது அவர்களை ஏற்றிச்செல்லும் லாரி ஏற முடியாது. ஆகவே எல்லோரும் இறங்கி முடித்த பிறகே வண்டி புறப்படும். ஒரு சுழற்சிக்கு 40 நிமிடம் ஆகும் என்று வைத்துக்கொண்டால், எட்டு மணி நேரத்தில் ஒருவருக்கு 12 ஓட்டங்கள்தான் கிடைக்கும். நடுவே யாராவது விழுந்து ஆம்புலன்ஸ் மருத்துவமனைக்குப் போய்விட்டால், அது திரும்பும் வரை ஒருவரையும் இறக்கிவிட முடியாது. இரண்டு ஆம்புலன்ஸ்கள் வேண்டும் என்பது ஆடம்பரமான கோரிக்கை அன்று. ஒன்று போனால் மொத்த நாளும் நின்றுவிடும் என்பதால்தான் கேட்கிறார்கள்.

பந்தய நாளில் நிலைமை இன்னும் விசித்திரமானது. தகுதிச் சுற்றில் நேரம் குறித்து 64 பேரைத் தேர்ந்து, நால்வர் நால்வராக இறக்கி, முதல் இருவரை அடுத்த சுற்றுக்கு அனுப்புவது வழக்கம். 16, 8, 4, 2, 1 என்று மொத்தம் 31 ஓட்டங்கள். இதில் பாதிப் பேர், அதாவது 32 பேர், ஒரே ஓட்டத்துடன் வெளியேறுகிறார்கள். விடுப்பு எடுத்து, கட்டணம் கட்டி, தொலைவிலிருந்து வந்தவருக்குச் சில நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிடுகிறது என்றால் அடுத்த ஆண்டு அவர் வருவாரா? போட்டி இல்லாமல் நாள் முழுவதும் திரும்பத் திரும்ப இறங்கும் ஃப்ரீரைடு நிகழ்ச்சிகள் பந்தயங்களைவிட எளிதாக நிரம்புவதற்கு இதுவே காரணம். முதல் நாளை ஃப்ரீரைடாக வைத்து, அதன் கட்டணத்தில் இரண்டாம் நாள் பந்தயத்தின் செலவில் ஒரு பகுதியை ஈடுகட்டுவதே எனக்குத் தெரிந்த வரையில் தாக்குப்பிடிக்கும் முறை.

பார்வையாளர் கட்டணத்தைத் திட்டத்திலிருந்து அடித்துவிடுங்கள். சில கிலோமீட்டர் நீளமுள்ள திறந்த மலைச்சரிவுக்கு வாயில் எங்கே வைப்பீர்கள்? கூட்டம் கூடக் கூட, வளைவுகளின் வெளிப்புறத்தில், விழுபவர்கள் சறுக்கிவரும் இடத்தில் யாரும் நிற்காமல் பார்த்துக்கொள்ள மேலும் ஆட்கள் தேவைப்படுவார்கள். பார்வையாளர்களால் செலவுதான் ஏறும்.

பாலிசி எழுதுபவன் (பதில்):

மேலே சொன்னவற்றை ஏற்கிறேன். காப்பீட்டுத் துறையில் இருப்பதால் அவர் தொடாத ஒரு பக்கத்தைச் சொல்கிறேன். முறையான சட்ட ஆலோசனைக்கு இது மாற்றாகாது.

அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில், தம் நிலத்தைப் பொழுதுபோக்குக்காக இலவசமாகப் பயன்படுத்த விடும் உரிமையாளருக்கு வழக்குகளிலிருந்து ஓரளவு சட்டப் பாதுகாப்பு உண்டு. வாஷிங்டனிலும் அப்படித்தான். ஆனால் பயன்பாட்டுக்குக் கட்டணம் வாங்கத் தொடங்கினால் அந்தப் பாதுகாப்பு பொதுவாக விலகிவிடுகிறது. உங்கள் குழு போட்டியாளர்களிடம் கட்டணம் வாங்கி, அதிலிருந்து சாலைக்கு வாடகை தருமானால், உரிமையாளர் தம் பெயரையும் உங்கள் காப்பீட்டில் சேர்க்கச் சொல்வார், சொல்ல வேண்டும். இதற்கான தவணைத்தொகை, 40 பேர் வந்தாலும் 100 பேர் வந்தாலும் பெரிதாக மாறாத செலவுகளில் ஒன்று என்பதால், ஆள் குறைந்தால் ஒவ்வொருவர் தலையிலும் அது கனமாக விழும்.

இன்னொன்று, உங்கள் மகளுக்கு 18 வயது நிரம்பியதா என்று தெரியவில்லை. போட்டியாளர்கள் கையெழுத்திடும் பொறுப்பு விலக்கு ஆவணத்தைப் பெரிதாக நம்பி ஜூனியர் பிரிவு வைக்கப் பலர் துணிகிறார்கள். ஆனால், குழந்தை காயமடைந்தால் வழக்குத் தொடுக்க அக்குழந்தைக்குள்ள உரிமையைப் பெற்றோர் முன்கூட்டியே கையெழுத்திட்டு விட்டுக்கொடுக்க முடியாது என்று, பனிச்சறுக்குப் பள்ளி ஒன்றில் நேர்ந்த விபத்து வழக்கில் வாஷிங்டன் உச்ச நீதிமன்றம் 1992-இல் தீர்ப்பளித்தது. ஆகவே ஜூனியர் பிரிவு உண்டா இல்லையா என்பதைக் காப்பீட்டு நிறுவனத்திடம் விண்ணப்பத்திலேயே வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். "ஸ்கேட்போர்டு நிகழ்ச்சி" என்று மட்டும் எழுதி, மலைச்சாலையில் அதிவேகமாக இறங்கும் போட்டி என்பதை எழுதாமல் விட்டால், கட்டிய பணம் உதவ வேண்டிய நேரத்தில் உதவாது.

ரைன்கரையான் (பதில்):

நான் ஜெர்மனியில் வசிக்கிறேன். ஐரோப்பாவில் நீண்ட காலம் நிலைத்த நிகழ்ச்சிகளைக் கவனித்தால் சில பொதுத்தன்மைகள் தெரியும். செக் குடியரசில் 744 மீட்டர் உயரமுள்ள கோசாகோவ் குன்றில் நடந்த போட்டி, வீரர்கள் ஆண்டுதோறும் எதிர்பார்த்துக் காத்திருந்த விழாவாக வளர்ந்தது. பிரான்சின் பிரனீ மலையிலுள்ள பெய்ராகுட் பனிச்சறுக்குத் தலத்திலும் பந்தயங்கள் நடந்திருக்கின்றன. பனிச்சறுக்குத் தலத்துச் சாலையில் பல வசதிகள் உண்டு: கோடையில் விடுதிகள் காலியாகக் கிடக்கின்றன, வண்டி நிறுத்துமிடம் பரந்தது, சாலை பெரும்பாலும் தலத்துடன் முடிவதால் கடந்துபோகும் போக்குவரத்து குறைவு. கூடாரமும் அறையும் நிரம்புவதால் ஊராருக்கும் நிகழ்ச்சியில் ஒரு பங்கு கிடைக்கிறது. உங்கள் மாநிலத்திலும் பனிச்சறுக்குத் தலங்கள் உண்டே, கேட்டுப் பாருங்கள்.

நிறுவனங்களின் ஆதரவுத்தொகையைப் பொறுத்தவரை நான் கறாரானவன். 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் லாங்போர்டு விற்பனை கொழித்தபோது நிறுவனங்கள் விழாக்களுக்குப் பணமாகவே கொடுத்தன. அந்த அலை தணிந்த பிறகு, பெரும்பாலும் சக்கரமும் பனியனும்தான் வருகின்றன. அவற்றைப் பரிசாகக் கொடுக்கலாம், ஆம்புலன்ஸுக்குக் கொடுக்க முடியாது. கனடாவின் கியூபெக் மாநிலத்தில் லெஸ் எபுல்மான் சரிவில் 2017-இல் மணிக்கு 146.73 கிலோமீட்டர் வேகம் பதிவானபோது உலகெங்கும் செய்தியானது. ஆனால் அந்தச் செய்தியைப் படிப்பவர்களில் சக்கரம் வாங்குபவர்கள் எத்தனை பேர் என்றுதான் நிறுவனம் பார்க்கும்.

கணக்கர், சியாட்டில்:

மூவருக்கும் நன்றி. மகளுக்கு வயது 17 என்பதால் காப்பீட்டுச் செய்தி நேராகவே எனக்குப் பொருந்துகிறது. ஓர் ஐயம்: ஸ்கேட்போர்டு ஒலிம்பிக்கில் சேர்ந்துவிட்டதால் கூட்டமைப்பு வழியாகவோ அரசு வழியாகவோ நிதி கிடைக்கும் என்று பிள்ளைகள் நம்புகிறார்கள். அதில் ஏதேனும் உண்மை உண்டா?

ரைன்கரையான்:

டோக்கியோவில் சேர்க்கப்பட்டவை ஸ்ட்ரீட், பார்க் ஆகிய இரு பிரிவுகள் மட்டுமே. சக்கரச் சறுக்கு விளையாட்டுகளின் பன்னாட்டுக் கூட்டமைப்பான வேர்ல்டு ஸ்கேட், தான் நடத்தும் உலக ரோலர் விளையாட்டுகளில் டவுன்ஹில்லுக்கும் இடம் கொடுத்திருக்கிறது. ஆனால் பதக்க வாய்ப்புள்ள பிரிவுகளுக்கே நாடுகள் பணம் ஒதுக்குகின்றன. உலகக் கோப்பைத் தொடரை நடத்திய பன்னாட்டு டவுன்ஹில் கூட்டமைப்பும் வீரர்களின் உறுப்பினர் கட்டணத்தை நம்பியே இயங்கியது. அத்தகைய அமைப்பின் அங்கீகாரம் கிடைத்தால் தரவரிசைப் புள்ளிகளுக்காக வெளிநாட்டு வீரர்கள் வருவார்கள், நிதி வராது. முதல் ஆண்டிலேயே அதற்கு முயல வேண்டாம் என்பது என் கருத்து.

மஞ்சள்கொடி:

ஆமாம். முதல் ஆண்டு ஃப்ரீரைடு மட்டும் நடத்துங்கள். பரிசுத்தொகைக்கு ஒதுக்கியதை, விழுபவர்களைத் தாங்க வளைவுகளில் அடுக்கும் வைக்கோல் கட்டுகளுக்கும், தன்னார்வலர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் கையடக்க வானொலிக் கருவிகளுக்கும் திருப்பிவிடுங்கள். வைக்கோலை அருகிலுள்ள விவசாயியிடம் வாடகைக்குப் பேச முடியுமா என்று பாருங்கள். நனைந்துவிட்டால் அவர் திரும்ப எடுக்கமாட்டார், ஆகவே தார்ப்பாய்ச் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பதிவுக் கட்டணத்தை வாங்கும்போதே, எந்த நாள் வரை விலகினால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும், அனுமதி கடைசி நேரத்தில் ரத்தானால் என்ன ஆகும் என்பதை எழுத்தில் கொடுத்துவிடுங்கள். காப்பீட்டுத் தவணையும் ஆம்புலன்ஸ் முன்பணமும் நிகழ்ச்சி நடக்காவிட்டாலும் முழுமையாகத் திரும்பி வருவதில்லை. அந்த அளவுக்காவது வசூலான பணம் கையில் நிற்கும்படி திரும்பக் கொடுக்கும் விதியை அமைப்பது கணக்கர் என்ற முறையில் உங்கள் முதல் வேலை.