அமெரிக்கா சின்ன ஊர்ல குப்பை கொட்டினவங்க யாராச்சும் இருக்கீங்களா? உங்க அனுபவம் சொல்லுங்க

மதுரக்காரி

நாங்க இருக்கறது வடமேற்கு ஐயோவா, 1500 பேர் கூட தேறாத ஊரு, பேர் வேணாம். வீட்டுக்காரர் டாக்டர், ஜே-1 வெய்வர்ல (பயிற்சிக்கு வந்த டாக்டருங்க விசால ஒரு விலக்கு) 3 வருஷம் டாக்டர் இல்லாத ஊர்ல வேலை பார்த்தா நாட்டை விட்டுப் போகத் தேவையில்லன்னு ஒரு கணக்கு இருக்குல்ல, அதுல வந்து விழுந்தோம். 25 பெட்டுக்குள்ள இருக்கற ஆஸ்பத்திரி. வர்ற பேஷன்ட் முக்காவாசி 70 தாண்டினவங்க, அதுல பாதிப் பேருக்கு புள்ளைங்க டி மாய்ன்லயோ டென்வர்லயோ.

பையனை ஸ்கூல்ல சேர்க்கப் போனப்போதான் எனக்கு உறைச்சுது. காரிடார் சுவத்துல வருஷா வருஷம் பாஸ் ஆன பசங்க போட்டோவை பிரேம் போட்டு மாட்டியிருக்காங்க, 1964 பிரேம்ல 58 மூஞ்சி தீப்பெட்டி சைஸ்ல நெருக்கியடிச்சு இருக்கு, அப்படியே நடந்துட்டே வந்தா மூஞ்சி பெருசாகுது ஆள் கம்மியாகுது, கடைசி பிரேம்ல 17 பேரு. நான் எண்ணினேன், ரெண்டு தடவ. பக்கத்து ஊர் ஸ்கூலைச் சேர்த்துக்கிட்ட பிறகும் 17. (இங்க ரெண்டு ஊர் ஸ்கூலைச் சேர்த்தா நடுவுல கோடு போட்டு ரெண்டு ஊர் பேரும் வெச்சிருவாங்க, விட்டுக்கொடுக்க மாட்டாங்க. நம்மாளுங்க மாதிரியேதான்.)

ஆனா நிலம் விலை கேட்டா தலை சுத்தும். ஐயோவா ஸ்டேட் யுனிவர்சிட்டி சர்வேல 2024 சராசரி ஏக்கர் 11,467 டாலர். அதுல மூணுல ரெண்டு பங்கு 65 தாண்டினவங்க பேர்ல இருக்காம். அவங்க காலம் முடிஞ்சதும் வாரிசு வெளியூர்ல உக்காந்து குத்தகைப் பணம் வாங்குது, சோளம் இங்க விளையுது காசு வேற ஊர்ல செலவாகுது, மெயின் ரோட்டுல கடை பூரா பூட்டு.

என் சந்தேகம் இதான். போன வாரம் லைப்ரரில ஒரு பெரியவர், எங்க ஊர் மீடியன் வருமானம் (எல்லா வீட்டையும் வருமானப்படி வரிசையா நிறுத்தினா நடுவுல நிக்கற வீட்டோடது) ஏறியிருக்குன்னு பேப்பரைக் காட்டி சந்தோஷப்பட்டார். யாருக்குய்யா ஏறுச்சு?

நாமக்கல் வெட்

வணக்கங்க அக்கா. நான் கவர்மென்ட் மீட் இன்ஸ்பெக்சன்ல கால்நடை டாக்டருங்க. ஸ்டார்ம் லேக்ல கொஞ்ச நாள் இருந்தேன், உங்க ஏரியாதான். அங்க கதை தலைகீழுங்க. 1981ல பழைய பன்னிக்கறி ஆலையை மூடிட்டாங்க, அதுல யூனியன் சம்பளம். அடுத்த வருசம் வேற கம்பெனி அதே எடத்துல கம்மி கூலிக்குத் தொறந்துச்சு. உள்ளூர்க்காரங்க வரலை, லாவோஸ்ல இருந்து, மெக்சிகோல இருந்து, இப்ப பசிபிக் தீவுல இருந்துகூட ஆளுங்க வந்துட்டாங்க. 2000ல 10,076 பேரு, 2020ல 11,269. 2010ல இருந்து 2020க்குள்ள ஐயோவால 99 கவுன்ட்டில (மாவட்டம் மாதிரி) 68ல ஜனத்தொகை இறங்குச்சுங்க, அத நெனச்சுப் பாருங்க.

காலைல ஷிப்ட் விடறப்ப கேட்டுல நின்னா நாலஞ்சு பாசை காதுல விழும். கடை தொறந்திருக்கும், பள்ளிக்கூடத்துல எடம் பத்தாது. கூலி பெருசா இல்லீங்க, புருசன் பொண்டாட்டி ரெண்டு பேரும் வேற வேற ஷிப்ட், கைக்கொழந்தைய பார்க்கிங்லயே மாத்திக்கிட்டுப் போவாங்க, நானே பாத்திருக்கேன். ஒரே ஆலைய நம்பி இருக்கறதும் பயம்தான். பெர்ரின்னு ஒரு ஊரு, 8000 பேரு, 2024ல ஆலைய மூடினப்ப 1300 பேருக்குப் பக்கம் வேலை போச்சு.

புள்ளிவிவரப் பையன்

அக்கா, அந்தப் பேப்பரை ரொம்ப நம்பாதீங்க. சின்ன ஊர் வருமானம் எல்லாம் சாம்பிள் சர்வே, 5 வருஷ டேட்டாவை ஒண்ணாக் கலந்து போடுவாங்க, பக்கத்துல ப்ளஸ் ஆர் மைனஸ்னு ஒரு நம்பர் (கணக்கு எவ்வளவு தப்பலாம்ங்கற அளவு) இருக்கும், அதை யாரும் படிக்கறதில்ல. அது சில சமயம் ஏறின தொகையை விட பெருசா இருக்கும்.

இன்னொண்ணு, சோஷியல் செக்யூரிட்டி (அரசாங்க பென்ஷன்) மட்டும் வாங்கிட்டு தனியா இருக்கற பாட்டிங்க 20 பேர் தவறிட்டா போதும், மீடியன் தானா ஏறும். ஒருத்தருக்கும் சம்பளம் ஏறியிருக்காது. உங்க வீட்டுக்காரர் சம்பளம் சராசரியைத்தான் தூக்கும், மீடியனை அசைக்காது 😄

நெப்ராஸ்கால மோனோவின்னு ஒரு ஊர். ஒரே ஒரு அம்மா, எல்ஸி ஐலர். அவங்களே மேயர், லைப்ரரியன், சாராயக்கடைக்காரி. 2020 சென்சஸ்ல அந்த ஊருக்கு 2 பேர்னு வந்துச்சு, தனிநபர் ரகசியம் காக்க நம்பரைக் கொஞ்சம் கலைச்சு விடுவாங்க, அதுல இல்லாத ஆள் ஒண்ணு பொறந்துருச்சு.

மதுரக்காரி

20 பாட்டியா... தம்பி நீங்க சொன்னதும் எங்க தெருவை மனசுக்குள்ள எண்ணிப் பார்த்தேன், வந்ததுல இருந்து ஏழு. ஒவ்வொரு சாவுக்கும் சர்ச் கீழ்த்தளத்துல ஹாம் சாண்ட்விச் சாப்பாடு, நானும் லெமன் சாதம் கொண்டு போவேன், காலி ஆயிரும். அதுல ஒரு வீட்டை ஆலைக்கு வேலைக்குப் போற குடும்பம் வாங்கியிருக்கு, நாலு புள்ளைங்க, வாசல்ல எப்பவும் சைக்கிள் குறுக்கால கிடக்கும்.

பக்கத்து வீட்டம்மாவுக்கு 86. நேத்து தோட்டத்து ருபார்ப் (புளிப்பா இருக்கற ஒரு தண்டு) ஒரு கட்டு கொண்டாந்து குடுத்துட்டு, "டாக்டருக்கு 3 வருஷம் எப்ப முடியுது?"ன்னாங்க. அடுத்த ஜூன்னு சொன்னேன். தலையாட்டிட்டு, இலையில விஷம் இருக்கு, தண்டை மட்டும் சமைன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. அதை என்ன செய்யறதுன்னு தெரியல, யாராச்சும் ருபார்ப்ல பச்சடி பண்ணியிருக்கீங்களா?