முடவாட்டுக்கால் இலைக்கு அடியில் பழுப்புப் புள்ளி, பூச்சியா?

அஸ்தம்பட்டி மாடித்தோட்டம்:
ஏற்காட்டில் சூப்புக்கு வாங்கிய முடவாட்டுக்கால் கிழங்கில் ஒரு துண்டைத் தொட்டியில் வைத்தேன், நன்றாகத் துளிர்த்து இலை முழ நீளத்துக்கு வந்துவிட்டது. இப்போது இலையைத் திருப்பினால் நரம்புகளுக்கு நடுவே வரிசையாகப் பழுப்புப் புள்ளிகள், தொட்டால் விரலில் தூள் ஒட்டுகிறது. அது போதாதென்று அடியில் வந்த குட்டை இலைகள் எல்லாம் சருகாகிவிட்டன. பக்கத்து வீட்டு அக்கா செதில் பூச்சி, வேப்பெண்ணெய் அடி என்கிறார். அடிக்கலாமா? அப்புறம் இது எப்போது பூக்கும்?

காபித் தோட்டக்காரன், ஏற்காடு:
எதையும் அடிக்காதீர்கள். இது பெரணி, பூக்கவும் பூக்காது, விதையும் வராது. அந்தத் தூள்தான் ஸ்போர், விதைக்குப் பதிலாகப் பெரணி இதை வைத்துத்தான் பரவும். சந்தேகம் இருந்தால் ஒரு இலையை வெட்டிப் புள்ளிப் பக்கம் கீழே இருக்கும்படி வெள்ளைத்தாளில் வைத்து ராத்திரி முழுக்க ஆட்டாமல் விடுங்கள், முற்றிய இலையாக இருந்தால் காலையில் புள்ளி வரிசை அப்படியே தாளில் தூளாக இறங்கியிருக்கும். செதில் பூச்சிக்கு இந்த ஒழுங்கெல்லாம் கிடையாது, கண்ட இடத்தில் அப்பியிருக்கும், இலையும் பிசுபிசுக்கும்.

சருகைப் பிய்த்துவிடாதீர்கள், தோட்டத்துக்கு வருகிறவர்கள் எல்லோரும் முதலில் செய்வது அதைத்தான். இந்தச் செடிக்கு இரண்டு வித இலை. குட்டையானது சீக்கிரமே காய்ந்தாலும் உதிராமல் கிழங்கை ஒட்டியே நிற்கும், மேலேயிருந்து விழும் குப்பையெல்லாம் அதில் தங்கி மட்கி எருவாகும். பாறையிலும் மரக்கிளையிலும் மண்ணே இல்லாமல் இது பிழைப்பது அந்த எருவில்தான். அதனால் கிழங்கை மண்ணுக்குள் புதைத்திருந்தால் அழுகிவிடும், வெளியே எடுத்துத் தேங்காய் மட்டையில் கட்டி நிழலில் வையுங்கள். கோடையில் நீள இலைகள் கொட்டினால் பதற வேண்டாம், மலையிலேயே வறண்ட மாதங்களில் கொட்டும்.

தாவரவியல் டீச்சர்:
தூளைத் தூவியும் வளர்க்கலாம், ஆனால் ஸ்போரிலிருந்து நேராகப் பெரணி வராது. முதலில் மண்ணோடு ஒட்டினாற்போல் இதய வடிவில் ஒரு பச்சைத் தகடு வரும், சுண்டுவிரல் நகத்தளவு இருந்தாலே பெரிது, பாசி என்று நினைத்துச் சுரண்டிப் போட்டுவிடுவார்கள். ஆண் செல் அந்தத் தகட்டின் அடியிலுள்ள ஈரத்தில் நீந்திப் போய்ப் பெண் செல்லோடு சேர்ந்தால்தான் நாம் பார்க்கிற செடி முளைக்கும். ஈரம் காய்ந்தால் கதை முடிந்தது. கிளியூர் அருவிப் பக்கம் பெரணி மண்டிக் கிடப்பதும் சேலம் மொட்டை மாடியில் தானாக முளைக்காததும் இதனால்தான். உங்களுக்குக் கிழங்குத் துண்டே போதும்.

வாழப்பாடி பால்பண்ணை:
குறுக்கே கேட்கிறேன், மாட்டுக்குப் போடும் அசோலாவும் பெரணி வகை என்கிறார்களே, நிஜமா?

தாவரவியல் டீச்சர்:
நிஜம்தான், வயல் ஓரத்து ஆரைக்கீரையும் அப்படித்தான். அசோலா இலைக்குள் ஒரு நீலப்பச்சைப் பாசி குடியிருந்து காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துக் கொடுக்கிறது, அதனால்தான் அதில் புரதம் அதிகம்.

காபித் தோட்டக்காரன், ஏற்காடு:
இன்னொன்று, அடுத்த தடவை சாலையோரத்தில் கூடை கூடையாக விற்பதை வாங்காதீர்கள். எல்லாம் பாறையிலிருந்து வேரோடு பெயர்த்தது. உங்கள் செடி படர்ந்த பிறகு நுனியை விட்டுவிட்டுப் பழைய பகுதியில் வெட்டிக்கொள்ளுங்கள், சூப்புக்கு அது போதும்.