புது ஆக்களோட கதைக்கேக்க வாற கூச்சம்: என்ன செய்யலாம்?

வடலிப்பெடியன்:
அடுத்த மாதம் யாழ்ப்பாண ரவுணில ஒரு அலுவலகத்தில வேலைக்குச் சேரப்போறன். தெரிஞ்ச ஆக்களோட நல்லாக் கதைப்பன். புது ஆக்களுக்கு முன்னால குரல் அடைக்குது, கை நடுங்குது. பேரும் ஊரும் சொன்னாப் பிறகு அடுத்த வசனம் வராது. நாலு கிழமைக்குள்ள என்ன செய்யலாம்?

குருமணல்:
தம்பி, கூச்சம் தாற எட்டுப் பத்து இடங்களைக் கொப்பியில எழுதி, ஒவ்வொண்டுக்கும் 100க்கு எவ்வளவு பயம் எண்டு புள்ளி போடுங்கோ. 30இல துவங்குங்கோ. திருநெல்வேலிச் சந்தையில கத்தரிக்காய் விலை மட்டும் கேட்டிட்டு வாறது 30 எண்டால், மினிபஸ்ஸில பக்கத்தில இருக்கிறவரிட்ட "இது கொக்குவில் சந்தியில நிக்குமோ?" எண்டு கேக்கிறது 40, கலியாணப் பந்தியில தெரியாதவரோட கதைக்கிறது 70ஆ இருக்கலாம். ஒரே படியைக் கிழமைக்கு நாலைஞ்சு தரம் செய்யுங்கோ. புள்ளி பாதியா இறங்கினாப் பிறகு அடுத்தது.

பயம் உச்சத்தில நிக்கேக்க விட்டிட்டு வராதேங்கோ. ஓடினதாலதான் தப்பினன் எண்டு மனம் படிச்சிடும். ஃபோனை நோண்டிக்கொண்டு சமாளிச்சாலும் அதே பிழைதான், ஃபோன்தான் காப்பாத்தினது எண்டு மனம் நம்பும். போக முந்தி "என்ன நடக்குமெண்டு பயப்பிடுறன்" எண்டு ஒரு வரி, வந்து "என்ன நடந்தது" எண்டு ஒரு வரி. இதை மட்டும் விடாதேங்கோ.

நாவல்மரம்:
அடுத்த வசனம் வராததுக்குக் காரணம், மற்றவர் சொல்லுறதைக் கேக்காமல் உள்ளுக்குள்ள கேள்வி தேடுறது. அவற்றை மறுமொழியில ஒரு சொல்லைப் பிடியுங்கோ. "சாவகச்சேரியில இருந்து வாறன்." "ரெயினிலயோ பஸ்ஸிலயோ?" "பஸ், காலமை சரியான சனம்." "அப்ப எத்தினை மணிக்கு வெளிக்கிடுவியள்?" இடையில உங்களைப் பற்றியும் ஒரு வரி சேருங்கோ, இல்லாட்டிப் பொலிஸ் விசாரணை மாதிரிப் போயிடும்.

ஊர் கேக்கலாம். "ஊரில எந்தப் பக்கம், ஆற்றை பிள்ளை?" எண்டு துருவாதேங்கோ தம்பி. எங்கட இடத்தில அது சாதி விசாரிக்கிறதாத்தான் படும். உங்களிட்ட ஆரும் அப்பிடிக் கேட்டாலும் சொல்லவேணுமெண்ட கட்டாயமில்லை, கதையை வேலைப் பக்கம் திருப்பிவிடுங்கோ.

தென்றல்:
நடுக்கத்துக்கு: உள்ளுக்குப் போக முந்தி, நாலு எண்ணி மூச்செடுத்து ஆறு எண்ணி விடுங்கோ, ரெண்டு நிமிசம். கதைக்கேக்க எண்ணாதேங்கோ, கவனம் திரும்பவும் உங்கட உடம்புக்கே போயிடும். ஒற்றைத் தாளைக் கையில பிடிச்சால் நடுக்கம் பெருசாத் தெரியும், ஃபைலுக்குள்ள வையுங்கோ.

மற்றவை நாங்கள் நினைக்கிறளவுக்கு எங்களைக் கவனிக்கிறேல்லை. 2000இல வந்த கோர்னெல் பல்கலைக்கழக ஆய்வொண்டில, வெட்கப்படுற மாதிரிப் படம் போட்ட ரீசேட்டோட மாணவரை ஒரு அறைக்குள்ள அனுப்பினவை. பாதிப்பேர் கண்டிருப்பினம் எண்டு போட்டவை நினைச்சினம், கண்டது காற்பங்குப் பேர்தான்.

ஆறு மாதத்துக்கு மேலா ஆக்களையே தவிர்த்து, வேலையோ படிப்போ குழம்புதெண்டால் அது சமூகப் பதகளிப்பா (ஆக்களுக்கு முன்னால வாற அளவுக்கு மிஞ்சின பயம்) இருக்கலாம். தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலயும் யாழ் போதனா வைத்தியசாலையிலயும் மனநலப் பிரிவு இருக்கு.

குருமணல்:
ஃபைல் முதல் கிழமைக்கு மட்டும், தென்றல் அக்கா. நெடுக மறைச்சால் அதுவும் ஃபோன் மாதிரித்தான். ரெண்டாம் கிழமை தாளை வெறுங்கையில பிடிச்சுக்கொண்டு போகட்டும்.