சொந்த ஜாஸ் இசைக்கு உள்ளூரில் ஒரு வட்டம் உருவாக்குவது எப்படி?

கேள்வி:
ஜாஸ் கிட்டார் வாசிக்கிறேன், சொந்தமாக இசையும் எழுதுகிறேன். இங்கே பேஸ், டிரம்ஸ், சாக்ஸபோன் எல்லாம் வாசிக்க ஆள் இருக்கிறார்கள், ஆனால் ஆளுக்கொரு மூலையில். எங்கிருந்து தொடங்குவது?

பதில்:
வாரம் ஒரு நாள், ஒரே இடம், ஒரே நேரம். கூட்டம் குறைந்தாலும் இதை மாற்றவே மாற்றாதீர்கள். கிட்டார், பேஸ், டிரம்ஸ் மூவரும் நிலையாக இருந்தால் வருகிறவர்கள் சேர்ந்துகொள்வார்கள். 1940களின் தொடக்கத்தில் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் இருந்த மின்டன்ஸ் பிளேஹவுஸ் என்ற கிளப்பின் நிலையான குழுவில் பியானோ கலைஞர் தெலோனியஸ் மங்க்கும் டிரம்ஸ் கலைஞர் கென்னி கிளார்க்கும் இருந்தார்கள். கிட்டார் மேதை சார்லி கிறிஸ்டியன் பெரிய குழுவில் வாசித்துக்கொண்டே இரவில் அங்கே வந்து வாசிப்பார். பீபாப் என்ற வேகமான, சிக்கலான ஜாஸ் பாணி முளைத்த இடங்களில் அது முக்கியமானது.

கேட்டவர்:
சரி, என் படைப்புகளை எப்போது கொண்டுவருவது? தெரிந்த பாட்டுகளைத்தானே எல்லோரும் விரும்புவார்கள்?

பதில்:
முதல் வாரமே கொண்டுவாருங்கள். 1965இல் சிகாகோவில் பியானோ கலைஞர் முஹால் ரிச்சர்ட் ஏப்ரம்ஸும் நண்பர்களும் தொடங்கிய ஏஏசிஎம் (AACM) என்ற இசைக்கலைஞர்கள் அமைப்பு, உறுப்பினர்களின் சொந்த இசையையே மையமாக வைத்தது. இளையவர்களுக்கு இலவசமாகக் கற்றும் கொடுத்தது. எனக்கு இந்த இரண்டாவது விஷயம்தான் பெரிதாகப் படுகிறது.

இன்னொரு பதில்:
மெட்டும் கார்டுகளும் (chords, சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) ஒரே பக்கத்தில் அடங்கட்டும். டிரம்பெட், டெனர் சாக்ஸுக்கு பி பிளாட்டிலும் ஆல்ட்டோ சாக்ஸுக்கு இ பிளாட்டிலும் தனித்தாள் எழுதி வையுங்கள்; இந்தக் கருவிகளில் எழுதிய சுரம் ஒன்று, ஒலிக்கும் சுரம் வேறு. அப்புறம், பியானோ வந்தால் ஒரே நேரத்தில் இருவரும் கார்டு அடிக்காதீர்கள். தனி வாசிப்பவருக்கு இடமே இருக்காது.